வேப்பமரத்தடியில் விட்ட செருப்பு

பேகம்பூர்ப் பக்கம் எங்கள் தெருவுக்குள் நுழையும் வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம். எங்களுக்கு அது நாற்றமாகவே தெரியாது. ஷாப்பை மூடியபிறகு காற்று சுத்தமாகிவிட்டது. நான் வெங்காயப் பேட்டைக்கு மூட்டை இறக்கப் போனேன். அப்துல் சுக்கூர் பாய் எங்கேயும் போகவில்லை. அவருக்கு ஷாப் மூடியதே மறந்துபோய்விட்டது.

மறதி மெதுவாகத்தான் வந்தது. சர்க்கரை போட்ட டீயில் மறுபடியும் சர்க்கரை போடுவார். பள்ளிவாசலில் வேறு யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டு வருவார். தெருவில் எல்லாரும் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒருநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வீடு திரும்பாமல் நேரே ஷாப்புக்கு நடக்க ஆரம்பித்தார். நடுவில் பைபாஸ் ரோடு. கரூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகள் அங்கே யாருக்காகவும் நிற்காது.

அவரும் நானும் ஒரே தொட்டியில் முப்பது வருஷம் தோல் புரட்டியவர்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் இடுப்பளவு நின்று, ஆட்டுத்தோலைக் கையால் தூக்கித் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்றால்தான் கை ஒத்துவரும். "ஏலே ஆண்டி" என்பார். ஆண்டிச்சாமி என்று முழுப்பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது என்னைப் பார்த்தால் "வா அப்பு" என்கிறார். தெருவில் போகிற எந்தப் பையனையும் அப்பு என்று கூப்பிடலாம். என் மனைவி இறந்து, மகன் திருப்பூரில் குடியேறிய பிறகு, என்னை ஏலே என்று கூப்பிட இந்த ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சமிருந்தார்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் பேட்டையிலிருந்து வந்து குளித்துவிட்டு அவர் வீட்டுப் பக்கம் போனேன். அவர் மனைவி குர்ஷித் பேகம் அடுப்படியில் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, சார்ஜாவில் இருக்கும் மகன் தப்ரேஸிடம் பேசிக்கொண்டிருந்தார். அவன் குரல் வாசல்வரை கேட்டது.

"வெளிப்பக்கம் கொண்டி வச்சுப் பூட்டுங்கம்மா. இல்லாட்டி மதுரையில ஒரு ஹோம் இருக்கு, பேசிட்டேன். டிசம்பர்ல வர்றப்ப நானே கொண்டுபோய் விட்டுட்டுப் போறேன்."

"ஆட்டுக்குட்டியாடா அவரு, அடைச்சுப் போட?"

"லாரியில அடிபட்டாச் சரியா? நான் இங்கருந்து என்னத்தம்மா செய்வேன்?"

போன் அணைந்தது. குர்ஷித்தம்மா எனக்குத் தட்டில் சோறு போட்டுக் கத்தரிக்காய் தால்ச்சாவை ஊற்றினார்.

"வேற வெஞ்சனம் இல்லண்ணே. இவரு பின்னாடி ஓடவே நேரம் சரியா இருக்கு. நான் குளிச்சு முழுசா மூணு நாளாச்சு, கேட்டுக்கங்க. ரெண்டு செம்பு ஊத்துறதுக்குள்ள படி இறங்கிடுறாரு."

"பூட்டு வாங்கிட்டீகளா?"

"வாங்கிட்டேன். திண்டுக்கல்லுல பூட்டுக்கா பஞ்சம்? அந்தா அரிசி டப்பாவுக்குப் பின்னாடி கெடக்கு. தொட மனசு வரல."

சுக்கூர் பாய் சன்னல் ஓரம் உட்கார்ந்து, எங்கள் பேச்சு யாரைப் பற்றியோ என்பதுபோல் ஆயக்குடிக் கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாயின் மகள் அஃப்சானா வந்தது. வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறது. அங்கேயே தங்கல்.

"டிசைன்னா சேலையில பூப் போடுறதாடி?" என்று குர்ஷித்தம்மா முன்பு கேட்டதற்கு, "ஒரு சாமானை மனுசனுக்குத் தோதாச் செய்யறதும்மா" என்று அது சொன்னது.

"அப்ப தையக்காரனும் டிசைன்தேன்" என்றேன் நான்.

"சரியாச் சொன்னீங்க மாமா. எங்களுக்கு முந்தியே அவரு டிசைன்தான்."

இந்த முறை அது சிரிக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து பூட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது.

"அம்மா, எனக்கு டிசம்பர் வரைக்கும் டயம் குடுங்க. இந்த வருசம் நானும் ஜெயமேரி மேடமும் சேந்து ஒரே வகுப்ப நடத்துறோம். நான் சயன்ஸ். ஒடம்பு, எடை, தூரம், கருவி, எல்லாம் அளக்கச் சொல்லிக் குடுப்பேன். அவங்க சரித்திரமும் தமிழும் படிச்சவங்க. மனுசங்ககிட்ட உக்காந்து கேக்கச் சொல்லிக் குடுப்பாங்க. ரெண்டும் தெரிஞ்சாத்தான் ஒரு சாமான் உருப்படியா வரும்னு எங்க எண்ணம். அத்தாவ நடக்க விடணும், தொலையவும் விடக்கூடாது. பிள்ளைகளுக்கு இதையே வேலையாக் குடுக்கிறேன்."

"உங்க அத்தாவப் பாடமா வைக்கப் போறியா?"

"பூட்டுறதுக்கு அது தேவலைல்லம்மா?"

குர்ஷித்தம்மா பூட்டை டப்பாவுக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டார்.

அடுத்த வாரமே பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். நான் மனசுக்குள் அளக்குற செட்டு, கேக்குற செட்டு என்று பெயர் வைத்துக்கொண்டேன். அளக்கிற செட்டுக்கு அஜய் என்று குஜிலியம்பாறைப் பையன் தலைமை. வாசற்படி உயரத்தை அளந்தான், பாய் ஒரு எட்டு வைத்தால் எவ்வளவு தூரம் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். கேட்கிற செட்டில் ஹரிணி. ஒட்டஞ்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடைக்காரர் மகள். பாய் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"ஏனுங் தாத்தா, ஷாப்புக்குப் போனா மொதல்ல என்னங்க செய்வீங்க?"

"எந்த ஊரு புள்ள நீ? வாயில ங்க ஒட்டிக் கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பழைய நாட்களைப் பற்றிப் பேசினால் பாய்க்கு மறதியே கிடையாது.

"ஷாப் கேட்டுப் பக்கத்துல வேப்பமரம் நிக்கிது. செருப்ப அதுக்கடியில விடுவோம். அப்புறம் பிஸ்மி சொல்லி உள்ள. உள்ள போறவன் ஒருத்தனும் செருப்புப் போடக்கூடாது."

"ஏனுங், சுண்ணாம்பு காலைப் பொசுக்காதுங்களா?"

"பொசுக்கும்தேன். கால் வெந்தா ஆறிடும். செருப்பு வெந்தா ஆறுமா?"

ஹரிணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தது. ஓரமாக நின்ற ஜெயமேரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் அஜய் பாயின் வலது காலைத் தன் மடியில் தூக்கிவைத்து நாடாவால் அளந்துகொண்டிருந்தான். நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து பொறையை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். முப்பது வருஷம் அந்த வேப்பமரத்தடியில் என் செருப்பும் கிடந்ததுதான்.

பிள்ளைகள் செய்தது செருப்பு. நல்ல செருப்பு, குறை சொல்லக்கூடாது. பாயின் வளைந்த பெருவிரலுக்கு இடம் விட்டு, வழுக்காத அடி வைத்து, குதிகாலுக்குள் சட்டைப் பொத்தான் போல ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். அவர் போகிற வழியெல்லாம் குர்ஷித்தம்மாவின் போனில் நீலப் புள்ளியாக நகரும்.

அதைப் பல்கலைக்கழகத்தில் கண்காட்சியாக வைத்தபோது குர்ஷித்தம்மாவும் பாயும் நானும் பஸ்ஸில் போனோம். பெரிய ஹால். சுவரில் பாயின் கால் படம், ஆள் உயரத்துக்கு. அதன் மேல் ஏதோ எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அறிவொளி வகுப்பில், மீசை நரைக்கிற வயசில். இன்னமும் உதடு அசையாமல் படிக்க வராது. அண்ணாந்து நின்று படித்தேன். 'கால் வெந்தா ஆறிடும். செருப்பு வெந்தா ஆறுமா?' எங்கள் வாய்ப்பேச்சு அவ்வளவு பெரிய எழுத்தில் நிற்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு நேர் கீழே மேசையில் அந்தச் செருப்பு.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர், "பிரமாதம். யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"சுவர் எங்க பாதி சார்" என்றார் ஜெயமேரி டீச்சர்.

"மேசை எங்க பாதி" என்றது அஃப்சானா.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டுக்கு மூச்சு வந்தது. பாய் காலையில் கிளம்புவார். குர்ஷித்தம்மா போனை அரிசி டப்பா மேல் நிறுத்திவைத்துக்கொண்டு சமைப்பார். "பள்ளிவாசலத் தாண்டிட்டாரு. டீக்கடையில நிக்கிறாரு, ஓசி டீ குடிக்கிறாரு பாருங்க" என்று என்னிடம் சிரிப்பார். புள்ளி பைபாஸ் பக்கம் திரும்பினால் டீக்கடைக்காரருக்குப் போன் போடுவார். அவர் கடைப் பையனை விட்டுத் திருப்பிக் கூட்டிவரச் சொல்வார். தப்ரேஸ்கூட, "சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டானாம்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு டீக்கடை திறக்கவில்லை. நான் பேட்டையில் இருந்தேன். வெங்காயம் நனையக்கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தோம். பத்து மணி வாக்கில் குர்ஷித்தம்மா போன் செய்தார். குரலில் பதட்டமே இல்லை.

"அண்ணே, அவரு பைபாஸத் தாண்டி ஷாப்புக்கே போயிட்டாரு. பயப்படாதீங்க. கேட்டுகிட்டயே நிக்கிறாரு, நகரவே இல்ல. மரத்தடியில மழைக்கு ஒதுங்கி நிக்கிறாரு போல. வேலை முடிஞ்சு வர்றப்ப கூட்டிட்டு வாரீங்களா?"

"கேட்டுகிட்டதான நிக்கிறாரு? வாரேன்" என்றேன்.

தார்ப்பாயைக் கட்டி, மிச்ச மூட்டைகளையும் இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஷாப்பின் கேட்டில் ஒரு கதவு சாய்ந்து கிடந்தது. வேப்பமரத்தடியில் யாருமில்லை. செருப்பு மட்டும் இருந்தது. ஜோடியாக, ஒழுங்காக, மூக்கு கேட்டைப் பார்த்தபடி. இரண்டிலும் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது.

உள்ளே அத்தனை தொட்டியும் திறந்து கிடப்பது எனக்குத் தெரியும். "பாய்! பாய்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதல் தொட்டியில் எருக்கஞ்செடி. அடுத்ததில் பச்சைத் தண்ணீர், மேலே பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒரு கம்பை எடுத்துப் பாட்டில்களை விலக்கிப் பார்த்தேன். கடைசியில் எங்கள் தொட்டி.

பாய் அதற்குள் நின்றுகொண்டிருந்தார். மழைத் தண்ணீர் நெஞ்சுவரை ஏறியிருந்தது. உதடு நீலம் பூத்துவிட்டது. கைகள் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தன. எதையோ அள்ளித் தூக்கி, திருப்பிப் போட்டு, அழுத்தி, மறுபடி அள்ளி. கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"பாய், ஏறி வாங்க. கையக் குடுங்க."

"வேலைய விட்டுட்டு எங்கப்பு வர? பாதித் தோலு புரட்டலை. எதிர்ல ஆளு வரல. ஒத்தையாக் கெடந்து சாகுறேன்."

"ஆளு வந்திட்டேன் பாய்."

இறங்கினேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. அடியில் சேறு காலை இழுத்தது. அவரை அப்படியே தூக்கிவிடலாம் என்றுதான் இறங்கினேன். தோளைத் தொட்டதும் உதறினார். அந்தக் கைக்கு இன்னும் அவ்வளவு பலம். வேறு வழி தெரியாமல் எதிரே போய் நின்று நானும் கையை விட்டேன். அவர் தூக்கும்போது தூக்கினேன், போடும்போது போட்டேன். வெறும் தண்ணீர்தான். கை ஒத்துவந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்ததைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன்.

"மேஸ்திரி விசில் ஊதிட்டாரு பாய்."

கையை நிறுத்திக் காதைச் சாய்த்தார். "எனக்குக் கேக்கலையே."

"மழையில கேக்காது."

"அப்பச் சரி. ஏறு." எனக்கு முன்னால் அவரே கரை ஏறினார்.

கேட்டுக்கு வந்ததும் நேரே வேப்பமரத்தடிக்குப் போய், செருப்பிலிருந்த தண்ணீரைக் கொட்டி உதறி, மாட்டிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. என்னுடையது. அவரைத் தேடி அந்த ஓட்டம் ஓடியபோதும் நான் செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன். கழற்றியது நினைவிலேயே இல்லை.

வீட்டில் குர்ஷித்தம்மா போனில் புள்ளி அசைந்ததாம். "கெளம்பிட்டாரு" என்று அடுப்பில் டீக்கு வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் வாசலில் பார்த்தபிறகுதான் பாத்திரத்தைக் கீழே போட்டார்.

பாய் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர்கள் இரண்டு பேரும் அஜயையும் ஹரிணியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஹரிணி உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டது.

"தாத்தா எங்கிட்டத்தானுங்க சொன்னாரு, உள்ள செருப்பு போடமாட்டோம்னு. நான் அதையெடுத்துச் சுவத்துல எழுதி அழகு பாத்திட்டேனுங்க."

"அவரு சொல்றப்ப காலு என் மடியிலதான் இருந்துச்சு" என்றான் அஜய். "நம்பர் தப்பிடக்கூடாதுன்னு காதுல வாங்கல."

"நானும் அங்கனதேன் இருந்தேன்" என்றேன். "பொறை தின்னுக்கிட்டு."

அஃப்சானா தலை நிமிரவில்லை. "நான் இந்த வீட்டு மக. அத்தா காலு ஏன் அப்படி வெந்து கெடக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. பிள்ளைகளக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல."

ஜெயமேரி டீச்சர்தான் கடைசியில் பேசினார். "வகுப்ப ரெண்டாப் பிரிச்சது நாங்க. ஒரே ரூம்ல ஒக்கார வச்சா ஒண்ணாயிடும்னு நெனச்சோம். ஆகல. நாளையிலருந்து அஜய் இங்க வந்து கேக்கட்டும். ஹரிணி அளக்கட்டும், வயரையும் அவளே பத்தவைக்கட்டும். எனக்கும் அஃப்சானா ஒண்ணொண்ணாச் சொல்லித் தரணும்."

மறுநாள் டீச்சரோடு வந்த அஜய்க்கு முதலில் கேட்க வரவில்லை. பரீட்சைக் கேள்விபோல் கேட்டான். "பாட்டி, தாத்தா உடம்புலருந்து எப்பவும் கழட்டாதது எது?"

குர்ஷித்தம்மா இத்தனைக்கும் நடுவில் சிரித்துவிட்டார். "பெல்ட்டுதேன். அந்தப் பச்சை பெல்ட்டு. நிக்காஹ் அன்னைக்குக் கட்டுனது மாதிரி இடுப்புலயே கெடக்கு. குளிக்கையில மட்டும் ஆணியில மாட்டுவாரு."

"எந்த ஆணி பாட்டி? குளிச்சிட்டு அவரே எடுத்து மாட்டிக்குவாரா, நீங்க எடுத்துக் குடுக்கணுமா? மறந்த நாளு உண்டா?"

"இப்பக் கேக்குற பாரு, இது கேள்வி" என்றார் ஜெயமேரி டீச்சர்.

லுங்கிக்கு மேல் கட்டும் பெல்ட்டின் காசுப் பைக்குள் கருவி போயிற்று. ஹரிணி விரலில் சூடு வாங்கிக்கொண்டு பதித்தது. இந்த முறை கண்காட்சி வைக்கவில்லை.

தப்ரேஸ் டிசம்பரில் வந்தான். அத்தா அவனைப் பார்த்து, "எந்தூருப்பு?" என்று கேட்டார். அவன் தோள்பையை இறக்கிவைத்தான். பிறகு அம்மாவிடம், "பூட்டு எங்க?" என்றான்.

குர்ஷித்தம்மா அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தார். மகன் கையில் கொடுக்கவில்லை, என் கையில் கொடுத்தார்.

"வாங்குனது வீணாப் போக வேணாம். ஷாப் ஓனருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அந்தக் கேட்டுல போட்டுடுங்கண்ணே. இவரப் பூட்ட என் கை வராது. அந்தத் தொட்டியப் பூட்டலாம்ல?"

நானும் தப்ரேஸும் போய்ச் சாய்ந்த கதவைத் தூக்கி நிறுத்தி, சங்கிலி போட்டுப் பூட்டினோம். அவன் அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். லீவு முடிந்து ஊருக்குப் போகும்போது ஹோம் பற்றிப் பேசவில்லை.

பேட்டை இல்லாத நாட்களில் நான்தான் பாயோடு நடக்கிறேன். பைபாஸைக் கை பிடித்துத் தாண்டுவோம். மற்ற நாட்களில் டீக்கடைவரைதான். அதற்குமேல் போனால் பெல்ட் சொல்லிவிடும். ஷாப் வந்ததும் வேப்பமரத்தடியில் செருப்பை விடுவார். நானும் விடுவேன். பிஸ்மி சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் போய், பூட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பார்.

இன்றைக்கும் பார்த்தார்.

"லீவாப்பு?"

"லீவு பாய்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே. பெருநாளா?"

"அப்படித்தேன் போல."

"அப்பச் சரி, வீட்டுக்கு வா. எதாச்சும் ஆக்கியிருப்பா, சாப்ட்டுப் போகலாம்." செருப்பை மாட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புதுசா சேந்திருக்கியா? ஒம் பேரென்ன?"

"ஆண்டிச்சாமி."

"எங்க தொட்டியிலயும் ஒரு ஆண்டி இருக்கான். எனக்கு எதிர்ல நிக்கிறவன்."

"அவரு வரலையா பாய் இன்னைக்கி?"

பூட்டிய கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"லீவுன்னு அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். கெட்டிக்காரப்பய. வீட்டுல படுத்துத் தூங்குவான்."

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினோம்.